பாடம் சொன்ன பெரும்புலவர்: மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றியவர் மாதவச் சிவஞான முனிவர். இரண்டாங் காண்டத்தை இயற்றியவர் அவருடைய மாணாக்கர் கச்சியப்ப முனிவர். ஆசிரியர் தொட்ட பணியை மாணாக்கர் தொடர்ந்து முடித்த அந்நூல், எழுதும் கலை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்லும் வகைக்குக் காஞ்சி மண்ணிலேயே கிடைத்த சான்றாகும். சிவஞான முனிவர் 1785ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்துச் சோழநாட்டில் பிறந்த ஒரு புலவர், அவ்விரு முனிவரையும் தம் முன்னோடிகளாகப் போற்றினார். எழுபதுக்கு மேற்பட்ட நூல்களைப் பாடினார். பாடியதினும் மிகுதியாகப் பாடம் சொன்னார். அவரே மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆவார்.

இளையோருக்குச் செம்மையாக எழுதக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் வினா எக்காலத்துக்கும் உரியது. விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் எழுத்து வந்துவிடுமா, நல்ல நூல்களைப் படிக்கச் செய்தால் போதுமா, எழுத எழுதத்தான் வருமா எனப் பலவாறு வினவப்படும் இவ்வினாவுக்குப் பிள்ளையவர்கள் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக விட்டுச் சென்றார். அவ்வாழ்வை அந்த நோக்கில் காண்பது பயனுடையது.

திண்ணைப் பள்ளியில்

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. குடும்பம் மதுரையிலிருந்து வந்தது. அங்குக் கோயில் கொண்ட இறைவன் பெயரே மைந்தருக்குச் சூட்டப்பெற்றது. தந்தையார் தமிழறிந்தவர், சிற்றூர்களில் திண்ணைப் பள்ளி நடத்திப் பிழைத்தவர். அதவத்தூரிலும் பின்னர்ச் சோமரசம்பேட்டையிலும் மைந்தர் தந்தையாரிடமே பயின்றார்.

அக்காலத் திண்ணைப் பள்ளியில் குழந்தை முதலில் மணலில் விரலால் எழுதும். எழுத்து வடிவம் கையில் படிந்த பின்னரே ஏடும் எழுத்தாணியும் கைக்கு வரும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் எனத் தொடங்கி, சதகம், அந்தாதி, நிகண்டு என மனப்பாடம் வளரும். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை ஓதுவிப்பான். இம்முறை கடல் கடந்தும் சென்றது. சென்னையில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கான விடுதிப் பள்ளியை 1789ஆம் ஆண்டு முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு தம் பள்ளியிலும் அதனைக் கைக்கொண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை விளக்கி 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரோடு இங்கிலாந்தில் அது பரவிற்று. பிள்ளையவர்கள் அரிச்சுவடி தொடங்கிய காலத்தில், தமிழ்நாட்டுத் திண்ணையின் வழக்கம் ஆங்கிலக் குழந்தைகளுக்கும் எழுத்துக் கற்பித்துக் கொண்டிருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

மணலிலிருந்து ஏட்டுக்கு வருவதில் ஒரு நுட்பம் உண்டு. மணலில் எழுதியதை அழிக்கலாம். ஏட்டில் எழுத்தாணி கீறியது கீறியதே. எனவே ஏட்டில் எழுதப் புகுவோன் சொல்லை முதலில் நெஞ்சில் எழுதி, ஓசை பார்த்து, பொருள் பார்த்து, பின்னரே கையை அசைப்பான். பிற்காலத்தில் பிள்ளையவர்கள் நூற்றுக்கணக்கான செய்யுட்களை மனத்திலேயே அமைத்துத் தடையின்றிச் சொல்லி எழுதுவித்ததைக் கண்டோர் வியந்தனர். அந்த ஆற்றலுக்கு வித்து இளமையில் அவர் பழகிய பனையோலையிலேயே இருந்தது எனலாம்.

தேடிக் கற்ற காலம்

பதினைந்தாம் அகவையில் தந்தையாரை இழந்தார். குடும்பச் சுமை தலைமேல் விழுந்தது. ஆயினும் கல்வி வேட்கை குறையவில்லை. திருச்சிராப்பள்ளிக்குச் சென்று தங்கினார். அங்கு மலைக்கோட்டை மௌன சுவாமிகள் மடத்தில் இருந்த வேலாயுத முனிவரிடம் பாடம் கேட்டார். முத்துவீரியம் என்னும் இலக்கண நூலின் ஆசிரியராகிய உறையூர் முத்துவீர வாத்தியாரிடமும் கற்றார். ஒருவரிடம் ஒரு நூல், மற்றொருவரிடம் வேறொரு நூல் என, எவரிடம் எது உண்டோ அதனை அவரிடம் சென்று கேட்டார்.

அன்று நூல் கிடைப்பதே அரிது. 1835ஆம் ஆண்டில் அச்சகச் சட்டம் தளர்த்தப்பட்ட பின்னரே தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. அதற்கு முன்னும், அதன் பின் நெடுங்காலமும், ஒரு நூலைப் படிக்க விரும்புவோர் ஏட்டுச் சுவடியை இரந்து பெற்றுப் படியெடுத்துக் கொள்ள வேண்டும். படியெடுக்கும் கை ஒவ்வோர் எழுத்தின் மேலும் நின்று செல்லும். கண் தாண்டிச் செல்லும் நயத்தையும் கை தாண்டாது. பிள்ளையவர்கள் இவ்வகையில் எழுதி எழுதியே தம் நூலகத்தைத் தேடிக் கொண்டார்.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. அணியிலக்கணமாகிய அந்நூலைப் பாடம் சொல்ல வல்லார் அக்காலத்தில் அரியர். தெருத்தெருவாகச் சென்று இரந்துண்ணும் பரதேசி ஒருவர் அதனை முறையாகக் கற்றிருந்தார் என்னும் செய்தி பிள்ளையவர்களுக்கு எட்டியது. அவரை நாடிச் சென்று வணங்கினார். அவர் விரும்பிய பொருள்களைத் தேடிக் கொடுத்தார். அவர் இரந்து செல்லும் தெருக்களில் உடன் நடந்து, நடையிடையே பாடம் கேட்டு, நூலை முடித்தார். ஊரார் என்ன நினைப்பர் என்று அவர் எண்ணியிருந்தால் அந்நூல் அவருக்குக் கிடைத்திராது.

புலவர் எனப் பெயர் பெற்ற பின்னும் இவ்வியல்பு மாறவில்லை. சென்னைக்குச் சென்றபோது அங்கிருந்த பெரும்புலவர்களை நாடினார். அவர்களுள் காஞ்சீபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியார் ஒருவர். திருவம்பலத்தின்னமுதம் பிள்ளை மற்றொருவர். பாடல் பாடிப் புகழ் பெற்றிருந்த ஒருவர் அவர்கள் முன் மாணாக்கராக அமர்ந்து ஐயம் கேட்டார். காஞ்சித் தமிழுக்கும் திரிசிரபுரத்துத் தமிழுக்கும் அமைந்த உறவு இது. திருவாவடுதுறை ஆதீனத்தோடு ஏற்பட்ட தொடர்பு அவர் கல்வியை நிறைவாக்கிற்று. மகாவித்துவான் என்னும் பட்டமும் அவ்வாதீனத்தாராலேயே அவருக்கு வழங்கப்பெற்றது.

கற்பிப்போன் முதலில் கற்போனாக இருக்க வேண்டும் என்பது எளிய செய்தி. ஆனால் புகழ் வந்த பின் பிறர் முன் அமர்ந்து கேட்பது எளிதன்று. பிள்ளையவர்களிடம் வந்த மாணாக்கர் கண்டது இந்தக் கற்போனையே.

பாடம் சொன்ன முறை

மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் பிள்ளையவர்கள் வாழ்ந்த நாள்களில் அவர் இல்லம் மாணாக்கரால் நிறைந்திருந்தது. கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் அவர் மாணாக்கர். புதுவைச் சவராயலு நாயகரும், நாகூர்க் குலாம் காதிறு நாவலரும், ஆதீனத்துத் தம்பிரான்மார் பலரும் அவரிடம் பாடம் கேட்டனர். சைவ நெறியில் ஆழ்ந்து நின்ற புலவர், கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் வேறுபாடின்றித் தமிழ் சொன்னார். பலருக்கு உணவும் இடமும் அவர் செலவிலேயே நடந்தன. கையில் பொருள் இல்லாத நாளிலும் இது நிற்கவில்லை. கடன் அவரை இறுதிவரை விடாது தொடர்ந்ததற்கு இக்கொடையும் ஒரு காரணம்.

பாடம் பெரும்பாலும் நூலைப் பாராமலே நடந்தது. செய்யுட்கள் அவர் நெஞ்சில் இருந்தன. மாணாக்கன் படிக்க, அவர் பொருள் சொல்வார். வேண்டிய இடத்தில் மட்டும் நின்று விளக்குவார். ஒரே அமர்வில் பல செய்யுட்கள் நிறைவெய்தும். ஒரு செய்யுளைப் பற்றி நெடிது பேசுவதினும், பல செய்யுட்களை அடுத்தடுத்துக் கேட்கச் செய்வதே அவர் வழக்கம். கேட்டவற்றின் ஓசை மாணாக்கன் செவியில் தங்கித் தானே வேலை செய்யும் என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

பாடத்தின் வரிசையும் கருதத்தக்கது. அந்தாதிகள் அதில் முன்னிடம் பெற்றன. அவற்றுள்ளும் திரிபந்தாதி, யமகவந்தாதி ஆகியன சிறப்பாகச் சொல்லப்பட்டன. திரிபில் நான்கடிகளிலும் முதலெழுத்து மட்டும் வேறுபட, அடுத்த எழுத்துகள் ஒன்றாக நிற்கும். யமகத்தில் அதே எழுத்துத் தொடர் அடிதோறும் மீண்டும் வந்து வெவ்வேறு பொருள் தரும். சொல்லை எங்கே பிரிப்பது என அறியாதவன் முன் இச்செய்யுட்கள் பூட்டிய கதவாக நிற்கும். பிரிக்கத் தெரிந்தவனுக்கு ஒரே ஓசைக்குள் நான்கு பொருள்கள் காட்சி தரும். இக்காலத்தார் இவற்றைச் சொல் விளையாட்டு என ஒதுக்குவர். பயிற்சி என்ற அளவில் இவை செய்த பணி பெரிது. சொல்லின் எல்லையை எழுத்தெழுத்தாகத் தடவி அறியும் பழக்கத்தை இவை தந்தன. அதன் பின்னும் அதனூடேயும் பிள்ளைத்தமிழ், கோவை, கலம்பகம், புராணம், காப்பியம், இலக்கணம் என்பன வந்தன.

மாணாக்கர் எழுதிய செய்யுட்களைப் பிள்ளையவர்கள் கேட்டுத் திருத்துவார். பிறர் பாடலை இழித்துப் பேசும் இயல்பு அவருக்கு இல்லை. எழுதத் தொடங்கும் இளைஞனுக்கு முதற்பகை நாணம். சுடுசொல் ஒன்று அவன் கையை ஆண்டுக்கணக்கில் கட்டிவிடும். பெரும்புலவர் ஒருவர் தன் பிழையைத் தாமே திருத்திச் செம்மையான வடிவைச் சொல்லக் கேட்கும் மாணாக்கன், பிழையையும் திருத்தத்தையும் ஒருசேர நினைவில் கொள்வான்.

எழுதுவோராக அமர்ந்த மாணாக்கர்

இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களைப் பிள்ளையவர்கள் பாடினார். பாடியவற்றைத் தம் கையால் எழுதுவது அரிது. அவர் சொல்ல, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். எழுதுவோர் கை சலிக்குமேயன்றிச் சொல்வோர் நா சலிப்பதில்லை. சாமிநாதையர் போன்றோர் இவ்வாறு எழுதும் பேறு பெற்றனர்.

எழுத்துக் கற்போருக்கு இதனினும் சிறந்த பள்ளி இருக்க இயலாது. முடிந்த பாடலை நூலில் படிப்போன் அதன் உருவத்தை மட்டும் காண்கிறான். அருகிருந்து எழுதுவோனோ அது உருவாவதைக் காண்கிறான். எதுகை எங்ஙனம் தேடப்படுகிறது, அடி முடியுமுன் அடுத்த அடி எவ்வாறு சிந்தையில் நிற்கிறது, ஒரு படலத்தை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பனவற்றை எந்த யாப்பு நூலும் சொல்லாது. காஞ்சி நகரத்தாருக்கும் முசரவாக்கம் போன்ற அண்டையூராருக்கும் இது எளிதில் விளங்கும். கோர்வைச் சேலை நெய்யும் தறியில், உடல் வேறு கரை வேறாக நாடாக்கள் ஓடும். நெசவாளரின் பக்கத்தில் துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். முன்னாளில் அவ்விடத்தில் அமர்ந்தோர் பெரும்பாலும் வீட்டுச் சிறுவரே. கரையும் உடலும் பிசிறின்றி இணையும் நுட்பத்தை அவர்கள் அவ்விடத்தில் அமர்ந்தே கற்றனர். பிள்ளையவர்களின் மாணாக்கரும் எழுத்தாணியோடு அவ்வாறே அமர்ந்தனர்.

தளிர் கண்ட மாணாக்கர்

உ.வே.சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில், பதினாறாம் அகவையில், தந்தையாருடன் மாயூரத்துக்கு வந்து பிள்ளையவர்களை அடைந்தார். பலர் ஆர்வத்தோடு வந்து சில நாளில் நீங்கிச் செல்வதைக் கண்டு சலித்திருந்த ஆசிரியர் உடனே இசைந்துவிடவில்லை. நைடதத்தில் ஒரு செய்யுளைச் சொல்லச் செய்து, பொருளும் கேட்டு, பின்னரே ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்னும் பெயரைச் சாமிநாதன் என மாற்றி வழங்கியவரும் அவரே.

புதியவருக்குத் தொடக்கத்தில் பாடம் சொன்னவர் ஆசிரியர் அல்லர். உடனுறைந்த மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளை. நன்னூலின் பொதுப்பாயிரம் கல்வியின் கணக்கை வகுத்துக் கூறுகிறது. ஆசிரியர் சொன்னதை நன்கு கேட்டாலும் கிடைப்பது கால்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும். மூத்தோர் இளையோருக்குச் சொல்லும் வழக்கம் அக்கணக்கின்படி சொல்வோருக்கே பெரும்பயன் தருவது.

எனினும் சாமிநாதையரின் உள்ளம் ஆசிரியரிடம் நேரே கேட்க ஏங்கியது. பிள்ளையவர்கள் வீட்டின் பின்புறத்தில் மரங்களை நட்டு, அவை தளிர்க்கின்றனவா என நாள்தோறும் வைகறையில் சென்று பார்ப்பார். ஒரு புதுத் தளிரைக் காண்பது அவருக்குப் பெருமகிழ்ச்சி. அதனை அறிந்த மாணாக்கர் அவருக்கு முன்னரே எழுந்து சென்று, எங்கெங்குத் தளிர் விட்டிருக்கிறது எனத் தேடி வைத்து, அவர் வந்தவுடன் காட்டினார். தளிர்களைக் காட்டக் காட்ட ஆசிரியருக்கு மாணாக்கர் மேல் அன்பு வளர்ந்தது. அந்த நெருக்கத்தில் ஒருநாள் மாணாக்கர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார். நேர்ப்பாடம் தொடங்கிற்று.

ஆசிரியரின் நோக்கைத் தானும் நோக்கக் கற்றதே இந்நிகழ்ச்சியில் சிறந்து நிற்கிறது. ஆசிரியர் எதை ஊன்றிப் பார்க்கிறாரோ அதனை மாணாக்கனும் பார்க்கத் தொடங்கினான். பட்டது எனத் தோன்றும் கொம்பில் ஊசிமுனையளவு பசுமை தெரிகிறதா எனத் தேடிய அந்தக் கண், பிற்காலத்தில் சிதைந்த ஏடுகளில் எஞ்சிய எழுத்தைத் தேடிற்று.

குறைகள்

பெரியோரின் வாழ்வைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்வதே நேர்மை. சாமிநாதையர் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயின்று வந்தார். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி தளரும் எனப் பிள்ளையவர்கள் கருதினார். அதனை உணர்ந்த மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். ஓசையே உயிரான செய்யுட் கலையைக் கற்பித்த ஆசிரியர் இசையை அயலாக எண்ணியது வியப்பிற்குரியது. அவர் காலத்துப் புலவர் உலகில் இயலும் இசையும் அத்துணை விலகி நின்றன.

அவருடைய மாணாக்கர் வரிசையில் பெண்பாற் பெயர் இல்லை. கிறித்தவரையும் இசுலாமியரையும் வரவேற்ற திண்ணை, பெண்ணுக்கு இடம் தரும் காலம் அப்போது வரவில்லை. அவருடைய நண்பரும், குளத்தூர்க் கோவைக்குத் தலைவருமாகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை பெண்மதி மாலை பாடிப் பெண்கல்வியை வற்புறுத்தியது அதே ஊரில், அதே காலத்தில்தான். நண்பரின் குரல் செயலாக மலர்ந்து, அந்தாதியும் கோவையும் மகளிர் வகுப்பறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது எல்லை பாடநூல்களைப் பற்றியது. சங்க நூல்கள் அப்பாட வரிசையில் இடம்பெறவில்லை. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையர் தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொல்லக் கேட்டு, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அத்தனை அந்தாதிகளும் புராணங்களும் கற்ற தமிழாசிரியர் அந்த வினாவின் முன் நின்ற நிலை தமிழ் வரலாற்றில் பெரிய திருப்பமாயிற்று.

மாணாக்கர் வழி வாழ்வு

பிள்ளையவர்கள் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 1ஆம் நாள், திருவாவடுதுறையில் மறைந்தார். இறுதிப் பொழுதில் சவேரிநாத பிள்ளை அவரைத் தாங்கியிருந்தார். சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படித்துக் கொண்டிருந்தார். சைவப் பெரும்புலவரின் உடலைக் கிறித்தவ மாணாக்கர் தாங்க, அவர் செவியில் அந்தண மாணாக்கர் திருவாசகம் ஓதிய அக்காட்சி அவர் நடத்திய பள்ளியின் இயல்பை உரைத்து நிற்கிறது.

அதன் பின்னர்ச் சுப்பிரமணிய தேசிகரின் விருப்பப்படி சாமிநாதையர் மடத்திலேயே தங்கி, தம்பிரான்மாருக்குப் பாடம் சொன்னார். நன்னூல் சொல்லும் அரைப்பங்குக் கல்வி அவருக்கு அவ்வாறு வாய்த்தது. 1880ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். ஓராசிரியரின் மூத்த மாணாக்கர் இறங்கிய இருக்கையில் இளைய மாணாக்கர் அமர்ந்தார்.

இராமசாமி முதலியார் தந்த சிந்தாமணி 1887ஆம் ஆண்டில் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும் தொடர்ந்து வெளிவந்தன. பிள்ளையவர்கள் சொல்லாத நூல்களைப் பதிப்பிக்க அவர் சொன்ன பாடம் எங்ஙனம் உதவிற்று? ஏட்டுச் சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. சொற்கள் இடைவெளியின்றி ஓடும். அடி பிரித்து எழுதப்படுவதும் இல்லை. ஓசை எங்கே முறிகிறது எனக் கேட்கும் செவியும், எழுத்துத் தொடரைப் பலவாறு பிரித்துப் பொருள் காணும் பழக்கமும் இல்லாதவர் அவற்றினூடே ஓரடியும் எடுத்து வைக்க இயலாது. யமகவந்தாதியும் திரிபந்தாதியும் பழக்கி வைத்த செவியும் கண்ணும் அங்கே கை கொடுத்தன. கற்பித்த நூல் எல்லைக்குள் நின்றது. கற்பித்த ஆற்றல் எல்லை கடந்தது.

மற்றொரு வியப்பும் உண்டு. செய்யுளையே எழுத்து எனக் கொண்ட ஆசிரியரின் மாணாக்கர், தமிழில் தெளிந்த உரைநடை எழுதியவர்களுள் முதல்வரிசையில் நிற்கிறார். ஆசிரியரின் வரலாற்றை 1930களில் இரு பாகமாக எழுதி வெளியிட்டார். தம் வரலாற்றை 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, 1942ஆம் ஆண்டில் அது முற்றுப்பெறாமலே மறைந்தார். அவ்வுரைநடையில் எந்தச் சொல்லும் மிகையாக நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான செய்யுட்களைச் செவியில் ஏற்றவர், வேண்டாத சொல்லை எவ்விடத்தும் உணர்ந்து நீக்கும் பழக்கம் பெறுவது இயல்பே.

இந்நாளில் பிள்ளையவர்களின் தலபுராணங்களைப் படிப்போர் மிகச் சிலர். சேக்கிழார் பிள்ளைத்தமிழ் ஒன்றே ஓரளவு பலர் அறிய நிற்கிறது. ஒரு காலத்தில் ஊர்தோறும் அரங்கேறி, பல்லக்கும் சால்வையும் பெற்றுத் தந்த நூல்கள் அலமாரியில் உறங்குகின்றன. பாடல் எழுதுவோர் இதனை எண்ணி வருந்தலாம். ஆனால் தாம் பாடியவற்றுக்குச் செலவிட்ட பொழுதைப் போலவே பிறருக்குப் பாடம் சொல்லச் செலவிட்ட பொழுதையும் அவர் அரிதாகக் கருதினார். புராணம் பாடும் பணி கையில் இருந்தபோதும் மாணாக்கரை அவர் திருப்பி அனுப்பவில்லை. தம் பாடல்களைக் காலம் மறைத்தாலும், அவர் செலவிட்ட அந்தப் பொழுது சங்க நூல்கள் பலவற்றைத் தமிழருக்கு மீட்டுத் தந்த கைகளை உருவாக்கியது.

இன்றைய மாணவரும் மனப்பாடம் செய்கின்றனர். அவர்கள் நெஞ்சில் ஏற்றுவது பெரும்பாலும் தேர்வு வினாவுக்கு உரிய விடையை. தேர்வு முடிந்த மறுநாள் அது மறைந்துவிடுகிறது. திண்ணையில் அமர்ந்த சிறுவன் நெஞ்சில் ஏற்றியது பாடலை. அது ஓசையாகத் தங்கி, அவன் எழுத எடுத்த ஒவ்வொரு சொல்லையும் உடனிருந்து அளந்தது. நல்லவற்றை மிகுதியாகக் கேட்டல், கேட்டவற்றைக் கையால் படியெடுத்தல், எழுதுவோர் அருகிருந்து எழுத்து பிறப்பதைக் காணல், தாமும் எழுதி அன்புடையார் கையால் திருத்தம் பெறல், பெற்றதைப் பிறருக்கு உரைத்தல் ஆகிய இவை ஐந்தும் பிள்ளையவர்களின் பள்ளியில் நிகழ்ந்தன. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. அருகில் அமர இடம் தரும் மூத்தவர் ஒருவர் வேண்டும்.

கவிதை எழுதுவோர் கூடும் ஒவ்வொரு மன்றத்துக்கும் இவ்வாழ்வு ஒரு கேள்வியை வைக்கிறது. அரங்கேறிய கவிதைகள் எத்தனை என்பதை ஆண்டு மலர்கள் கணக்கிட்டுச் சொல்லும். அவ்வரங்கின் ஓரத்தில் எழுதுகோலோடு அமர்ந்து, அடி திருத்தப் பெற்று எழுந்த இளையோர் எத்தனை பேர் என்பதைப் பின்வரும் தலைமுறையே கணக்கிடும்.